மெழுகுதிரி ஓடர் கொடுக்கும் வியாபாரிகளின் கவனத்திற்கு

வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய தொழில் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நம்மவர்கள் முதலில் சொல்பவற்றில் மெழுகுதிரி உற்பத்தியும் ஒன்று. முதல் குறைவு. இயந்திரம் தேவையில்லை. அச்சு, மெழுகு, திரிநூல், ஓர் அடுப்பு இருந்தால் போதும். வெசாக் காலத்திலும் மின்வெட்டுக் காலத்திலும் சந்தையைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. கணவனை இழந்த சகோதரிகளுக்கும், வெளியே வேலைக்குப் போக முடியாத தாய்மாருக்கும் இது கைகொடுக்கும் தொழில் என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது.

ஆனால், இத்தொழிலில் அடுப்பின் மேல் வைக்கப்படுவது ஓர் எரிபொருள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கடைகளில் கிடைக்கும் பரஃபின் மெழுகு பெற்றோலியத்திலிருந்து பெறப்படுவது. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் அது உருகிவிடும். உருகிய பின்னும் அடுப்பிலேயே விட்டால் தண்ணீரைப் போல் கொதித்து எச்சரிக்கை தராது. சத்தமில்லாமல் சூடேறி, புகைய ஆரம்பிக்கும். 200 பாகையைத் தாண்டும்போது அதன் ஆவி அடுப்புச் சுவாலையில் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேலும் சூடேறினால் சுவாலை படாமலேயே தீப்பிடிக்கலாம்.

அந்த நேரத்தில் பதறிப்போய் தண்ணீரை ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. தண்ணீர் மெழுகின் அடியில் இறங்கி நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை நாலா பக்கமும் வீசியெறியும். ஒரு சட்டியில் இருந்த நெருப்பு கூரைக்கும் பிள்ளைகளின் உடைக்கும் போய்விடும்.

இதைத் தடுக்கும் வழி மிக எளியது. பெரிய சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் சிறிய பாத்திரத்தில் மெழுகை உருக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 பாகைக்கு மேல் போகாது. எனவே மெழுகும் போகாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. ஆனால் இந்த முறையில் மெழுகு உருகச் சற்று நேரமெடுக்கும். நமது வியாபாரிகள் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அப்படியான நாட்களிலும் வெசாக்கிற்கு முந்திய வாரங்களிலும் கடைக்காரர் அவசரப்படுவார். நாளை மாலைக்குள் இத்தனை பக்கற் வேண்டும் என்பார். எண்ணிக்கைக்கே கூலி என்பதால் அந்தச் சகோதரி தண்ணீர்ச் சட்டியை ஒதுக்கிவிட்டு மெழுகை நேரடியாக நெருப்பில் வைப்பார். ஒரு அடுப்பு இரண்டாகும். பகல் வேலை நள்ளிரவு வரை நீளும். பக்கத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். விபத்து நடந்தால் "அவர் கவனமில்லாமல் இருந்துவிட்டார்" என்று சொல்வோம். அவரது அவசரத்துக்கு நமது ஓடரும் காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை.

"இதையெல்லாம் பார்த்தால் விலை கட்டாது, தொழிற்சாலைத் திரியுடன் போட்டியிட முடியாது" என்று சிலர் கூறுவர். உண்மையில் தேவைப்படுவது என்ன? இரண்டாவது பாத்திரம் ஒன்று, இறுக மூடும் உலோக மூடி ஒன்று, ஒரு வெப்பமானி, ஒரு வாளி உலர்ந்த மணல். ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும் பொருட்கள். மெழுகுக்கும் அச்சுக்கும் முற்பணம் கொடுக்கும் வியாபாரி இவற்றையும் முதலின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும். தீப்பிடித்த வீட்டிலிருந்து சரக்கும் வராது, கொடுத்த முற்பணமும் வராது என்பது வெறும் இலாப நட்டக் கணக்கிலும் விளங்கக்கூடிய விடயம்தான்.

ஆகவே ஓடர் கொடுக்குமுன் ஒருமுறை உற்பத்தி நடக்கும் இடத்தைப் பற்றி விசாரியுங்கள். தண்ணீர்ச் சட்டியில்தான் உருக்குகிறார்களா? அடுப்பு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், திரைச்சீலைக்கும் மண்ணெண்ணெய்க்கும் தூரமாக இருக்கிறதா? அச்சில் ஈரம் இல்லாமல் துடைக்கிறார்களா? ஈரத்தில் சூடான மெழுகு பட்டால் முகத்தில் தெறிக்கும். வேலை நேரத்தில் தொங்கும் ஷோலையும் அகன்ற கைகளையும் இறுக்கிக்கொள்கிறார்களா?

தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். எரியும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. உடம்பில் மெழுகு பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஒட்டிய மெழுகைப் பிய்ப்பதும் பற்பசை பூசுவதும் காயத்தைக் கெடுக்கும். காயம் பெரிதென்றால் 1990 அம்பியுலன்ஸை அழைக்கத் தயங்கக் கூடாது.

பெண்களுக்குச் சுயதொழில் பயிற்சி நடத்தும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சங்கங்களும் கலவையையும் அச்சையும் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், முதல் பாடமாக இதனைக் கற்பிக்க வேண்டும்.

உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும், எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என எச்சரித்ததையும் ஸஹீஹுல் புஹாரியில் காண்கிறோம். ஒரு சிறு திரியைப் பற்றியே இவ்வளவு கவனம் காட்டிய மார்க்கம் நம்முடையது. ஒரு சட்டி நிறைய உருகும் மெழுகை இன்னொருவர் வீட்டுக்குள் அனுப்பும் நாம் அதைவிடக் கூடுதல் கவனம் காட்டக் கடமைப்பட்டவர்கள். அடுத்த வெசாக் ஓடரை இரண்டு வாரம் முன்கூட்டியே கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அதுவே பாதி ஆபத்தைக் குறைத்துவிடும்.