காவல் யாருக்கு, காவலர் யார்?

பெண்ணைக் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்லும் ஆண் அய்யம்பாளையத்தில் ஒருவனும் இல்லை. ஆனால் அவன் சொல்லும் காப்பு என்ன? பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் கிட என்பதுதானே!

யுத்தத்தால் சீரழிந்த லைபீரியாவுக்கு, ஐக்கிய நாடுகள் சபையின் பேரால், 2007-ல் இந்தியா பெண் போலீஸ் படை ஒன்றை அனுப்பிற்று. ஆப்பிரிக்கத் தேசமான அங்கே, மன்ரோவியா நகரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட நம் பெண்கள் துப்பாக்கியுடன் இரவு ரோந்து சுற்றினார்கள். நாட்டுத் தலைவி எல்லன் ஜான்சன் சர்லீஃபின் காரியாலயத்துக்குக் காவல் நின்றார்கள். 2016 வரை இது நடந்தது. குலமானம் கப்பலேறிவிட்டதா என்று கேட்கிறோம்.

பாதுகாப்புச் சபையின் 1325-வது தீர்மானம் (2000) யுத்தத்தில் பெண்ணைக் காப்பாற்றச் சொல்லுகிறது. சமாதானம் பேசுமிடத்தில் அவளுக்கு இடமும் கொடுக்கச் சொல்லுகிறது. நம்மவர்களுக்கு முன்னது மட்டுமே காதில் விழும். ஊர்ச்சண்டையில் அடிபடுகிறவள் பெண்; ராஜி பேசும் திண்ணையிலோ மீசைகள்தான். அங்கே அவளுக்கு ஒரு பாய் விரிக்க நம் தோழர்களில் எத்தனை பேர் தயார்?