வயிற்றுப் புற்று வந்த பிறகு பீடியை விட்டு என்ன லாபம்? உயிரே லாபம்!

"வரவேண்டிய நோய் வந்தாச்சு. இனிமே பீடியை விட்டா என்ன, விடாட்டி என்ன, அண்ணாச்சி?"

சூலக்கரை டீக்கடை பெஞ்சிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. வயிற்றில் புற்று என்று ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார். கடைக்காரரும் பீடிக்கட்டை எடுத்து நீட்டுகிறார்!

தவறு! உயிருக்கே உலை வைக்கும் தவறு!

பீடி, சிகரெட், சுருட்டு மூன்றுமே வயிற்றுப் புற்றின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் கஜலட்சுமியும் சாந்தாவும் 1996-லேயே ஆய்வு செய்து வெளியிட்டார்கள். ஊறுகாய்ப் பண்டங்களையும் அந்த ஆய்வு விட்டுவைக்கவில்லை.

இது நோய் வருவதற்கு முந்திய கதை. வந்த பிறகு?

அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2014-ல் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. புற்றுநோயாளி புகையை விடாவிட்டால் சாவின் அபாயம் கூடும். புகையால் வரக்கூடிய இன்னொரு புற்றும் வரலாம். புகை பிடிப்பவருக்கு ஆபரேஷன் புண் ஆறுவதும் தாமதம். நெஞ்சில் சளி கட்டும் தொல்லையும் அதிகம்.

பட்டினி பத்தியம் வேண்டாம்!

அடுத்தது சாப்பாடு. "புற்று வந்த உடம்பு" என்று வீட்டார் வெறும் கஞ்சியைக் கொடுத்தே ஆளை உருக்கிவிடுகிறார்கள். எடை குறையக் குறைய, சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் குறைகிறது.

வயிற்றை வெட்டி எடுத்தவரால் தட்டு நிறையச் சோறு உண்ண முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். நன்றாக மெல்ல வேண்டும். முட்டை, மீன், பருப்பு அவசியம். சாப்பிடும்போதே மடமடவென்று தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பு மிஞ்சினால் படபடப்பும் வியர்வையும் வரும். முழு வயிற்றையும் எடுத்தவருக்கு பி-12 சத்து ஆயுள் முழுக்கத் தேவை. பெரும்பாலும் ஊசியாகப் போடுவார்கள். தெம்பு வந்ததும் தினமும் கொஞ்சம் நடக்கலாம். பாட்டில் பக்கமே போகக் கூடாது!

ஒன்றை மறக்கக் கூடாது. நல்ல பழக்கம் சிகிச்சைக்குத் துணை. அதுவே சிகிச்சை ஆகாது. நோயை ஆரம்பத்தில் பிடித்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இங்கேயோ வயிறு எரிந்தால் "கேஸ்" என்று ஒரு சோடா, ஒரு மாத்திரை! மாதக்கணக்கில் எரிச்சல், இரண்டு வாய்க்குள் வயிறு நிரம்புவது, காரணமில்லாமல் இளைப்பது, மலம் கறுத்துப் போவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் ஓட வேண்டும். குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் பயப்படக் கூடாது. விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரைப் பெரியாஸ்பத்திரியும் தொலைவில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு.

முடியாதா?

"இத்தனை வருசப் பழக்கம், விட முடியலையே" என்பார்கள். முடியாதா என்ன?

இந்த வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளியைப் பாருங்கள். ஆலை கேட்டுக்குள் பீடியும் தீப்பெட்டியும் போகக் கூடாது. காலையில் நுழைந்தவர் வேலை முடிந்து வெளியே வரும்வரை ஒரு இழுப்பு இழுப்பதில்லை. ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

பட்டாசு மருந்துக்குப் பயந்து பகல் முழுக்கப் பீடியை மறந்த கை, ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்யட்டும் என்று மறக்காதா? பகலில் முடிந்தது ராத்திரியிலும் முடியும்!

கடைக்கார அண்ணாச்சிகளும் மனசு வைக்க வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர் பீடி கேட்டால், "உங்களுக்கு மட்டும் கிடையாது, டீ குடிங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். ஒரு கட்டு வியாபாரம் போகும். ஒரு வாடிக்கையாளர் மிஞ்சுவார்!