நீக்குதலும் ஆய்வே

புதிய வழிமுறையை வகுத்தவருக்கு நம் ஆய்வுலகில் கட்டுரையும் பட்டமும் உண்டு. இருக்கும் நிரலைத் தெளிவு குன்றாமல் சுருக்கியவருக்கு எதுவுமில்லை. இந்த அளவுகோல் தவறானது என்பது என் கருத்து. லினக்ஸ் கெர்னலில் செயலியின் அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் சிபியூஃப்ரீக் பகுதி அதற்குத் தக்க சான்று.

செயலியின் இயங்கு மின்திறன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. ஆகவே, பளு குறையும்போது இரண்டையும் தாழ்த்துவது மின்கலத்தைக் காக்கும். எப்போது தாழ்த்துவது என்பதைக் கவர்னர் என்னும் பகுதி முடிவு செய்கிறது. அதை வன்பொருளில் நிறைவேற்றுவது அந்தந்தச் சில்லுக்குரிய இயக்கி.

முன்பு பெரும்பாலான இயக்கிகள் தம் பணிக்கு அப்பாற்பட்ட சுமைகளையும் தாங்கின. அட்டவணையில் உரிய அதிர்வெண்ணைத் தேடுவது, மாற்றத்தின் முன்னும் பின்னும் கெர்னலின் பிற பகுதிகளுக்கு அறிவிப்பது ஆகிய வேலைகள் கோப்புதோறும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. 2014 ஜனவரியில் வெளிவந்த 3.13 பதிப்பில், இப்பகுதியின் பராமரிப்பாளர்களுள் ஒருவரான இந்தியப் பொறியாளர் விரேஷ் குமாரின் திருத்தங்கள் இவ்விரண்டையும் மையத்துக்குக் கொண்டுசென்றன. இயக்கிக்கு எஞ்சியது ஒன்றே: அட்டவணையின் இந்த வரிசைக்கு மாறு என்ற ஆணையை நிறைவேற்றுதல். மாற்றம் தோற்றால் பழைய அதிர்வெண்ணை மீண்டும் அறிவிப்பதும் மையத்தின் கடமையாயிற்று.

எல்லாச் சில்லுகளும் ஒன்றல்லவே என்ற மறுப்பு நியாயமானது. கடிகார மூலத்தை மாற்றுகையில் சில சில்லுகள் இடைநிலை அதிர்வெண் ஒன்றில் தங்கிச் செல்ல வேண்டும். அதே ஆண்டில் அதற்கும் மையத்திலேயே, வேண்டுவோர் மட்டும் பயன்படுத்தும் வழி அமைக்கப்பட்டது. எது பொது, எது தனி என்று பிரித்தறிவதே இங்குள்ள ஆய்வு.

நான் வாழும் ஏ.எஸ்.ராவ் நகர், இசிஐஎல் நிறுவனத்தை உருவாக்கிய ஏ.எஸ்.ராவின் பெயரைத் தாங்கியது. அந்நிறுவனம் 1969இல் டிடிசி-12 கணினியைத் தந்தது. அக்காலக் கணினிகளில் நினைவகப் பற்றாக்குறையே சிக்கனத்தைக் கற்பித்தது. இன்று அந்த நெருக்கடி இல்லை; ஆகவே கல்விதான் அதைக் கற்பிக்க வேண்டும்.

நூறு வரிகளை நீக்கிய பின்னும் பல சில்லுகளில் நடத்தை மாறவில்லை என நிறுவுவது எளிதன்று. அத்தகைய பணியை முதுகலை ஆய்வேடாக நம் துறைகள் ஏற்க வேண்டும். மாணவர்களும் கேட்கத் தயங்க வேண்டாம்.