மலேரியா போன பிறகும் ரத்தம் குறைவது ஏன்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வேலையாகப் போய்வந்த வீட்டுக்காரருக்குக் குளிர் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று தெரிந்து, மாத்திரை சாப்பிட்டு, காய்ச்சலும் விட்டுவிட்டது. மறுபடி எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனால், குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால் பத்து நிமிடம் மிதி போட முடியவில்லை. மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்திருக்கிறது.

புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. கோர்வைப் புடவை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுபவரின் வேலையும் சேர்ந்தே நிற்கும். ‘காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இன்னும் என்ன அசதி?’ என்று வீட்டில் கேட்பார்கள். அவர் சோம்பலில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் உடம்பில் ரத்தம் இன்னும் குறைந்துகொண்டிருக்கலாம்.

ஒன்றுக்கு 34

மலேரியாக் கிருமி, ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ரத்தசோகைக்கு அதுதான் காரணம் என்று நினைப்போம். கணக்குப் பார்த்தால் உதைக்கிறது.

தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் ‘வைவாக்ஸ்’ வகை மலேரியாவில், பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டு சிவப்பணுக்களில்கூடக் கிருமி இருக்காது. அந்த அளவுக்கு இழப்பு என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஆனால், கிருமி புகுந்த ஒரு சிவப்பணு அழியும்போது, கிருமி புகாத நல்ல சிவப்பணுக்கள் சுமார் 34 அழிகின்றன என்கிறது ஓர் ஆய்வுக் கணக்கு. அவற்றை அழிப்பதில் நம் உடம்புக்கே பங்கு உண்டு.

உள்பக்கம் வெளியே தெரிந்தால்...

கொரோனா காலத்தில் ‘ஆன்டிபாடி’ என்ற சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. கிருமியை அடையாளம் கண்டு அதில் ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. சில சமயம், சொந்த உடம்பின் அணுக்களிலேயே ஒட்டும் ஆன்டிபாடிகளும் உருவாகிவிடும். மலேரியாவில் நடப்பதில் இதுவும் ஒன்று.

பட்டுப்புடவையின் உள்பக்க நூல்கள் வெளியே தெரியாது. அதுபோல, சிவப்பணுவின் உறையில் உள்பக்கம் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு கொழுப்புப் பொருள் உண்டு. அதன் பெயர் பாஸ்படிடைல்செரின். அணு வயதாகும்போதோ, சேதமடையும்போதோ அது வெளிப்பக்கம் வந்துவிடும். மலேரியாவின்போது கிருமி புகாத அணுக்களிலும் இப்படி ஆகிறது. அந்த இடத்தில் ஆன்டிபாடி ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடி ஒட்டிய அணுவை, உடலின் விழுங்கணுக்கள் ‘கழிவு’ என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன.

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். இந்த ஆன்டிபாடி ஒட்டாதபடி தடுத்தபோது, எலிகள் ரத்தசோகையிலிருந்து சீக்கிரம் மீண்டன. மலேரியா குணமான பிறகு ரத்தசோகை வந்த மனிதர்களிடமும், இந்த ஆன்டிபாடியின் அளவுக்கும் ரத்தசோகைக்கும் தொடர்பு இருந்தது.

கிருமி போன அன்றே ஆன்டிபாடியும் போய்விடாது. காய்ச்சல் விட்ட பிறகும் ரத்தம் குறைய இது ஒரு காரணம். எலும்பு மஜ்ஜையில் புது ரத்தம் ஊறுவது மந்தமாவது போன்ற வேறு காரணங்களும் உண்டு.

சென்னையில் ஒரு பழைய சாட்சி

இந்தக் குழப்பம் மலேரியாவில் மட்டும் நடப்பதில்லை. மணல் ஈ பரப்பும் காலா அசார் நோயிலும், சொந்த ரத்த அணுக்கள் மேலேயே ஆன்டிபாடிகள் ஒட்டியிருப்பது தெரியவந்திருக்கிறது. மண்ணீரல் பெரிதாக வீங்கி, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறைந்துபோகும் நோய் அது.

அதன் கிருமியைக் கண்டவர்களில் ஒருவர், 1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சார்லஸ் டொனோவன். மலேரியா என்று அப்போது கருதப்பட்ட நோயாளிகளின் மண்ணீரலில் வேறொரு கிருமி இருப்பதை அவர் பார்த்தார். அவர் பெயரும், அதே கிருமியைத் தனியே கண்ட லீஷ்மனின் பெயரும் சேர்ந்து, ‘லீஷ்மேனியா டொனோவானி’ என்ற பெயர் அதற்கு வந்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும். அதற்காகத்தான் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்கள் தருகிறார்கள். ஒவ்வொரு முறை மலேரியா திரும்பும்போதும் ரத்த இழப்பும் கூடும்.

* கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தருவதில்லை. ‘ஜி6பிடி’ என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையே சிவப்பணுக்களை உடைக்கலாம். ஒருவருக்குத் தந்த மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது.

* ‘கிருமி இல்லை’ என்ற ரிப்போர்ட்டோடு விட்டுவிடாமல், ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்ட சில வாரங்களில் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது.

* சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

* முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லதுதான். ஆனால், அவை ஆன்டிபாடியைத் தடுக்காது. கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

* நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் உள்ள நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டியின் மூடி இன்று சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

காய்ச்சலிலிருந்து எழுந்தவர் இரண்டு வாரம் சோர்ந்து உட்கார்ந்தால், ‘எழுந்து வேலையைப் பார்’ என்று சொல்லும் முன் ரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள். தறி காத்திருக்கும்.