தண்டனை முடிந்தாலும் தீராத குற்றப்பதிவு

இங்கிலாந்தில் அன்ட்ரூ மல்கின்சன் என்பவர் 2004இல் பாலியல் வல்லுறவு வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார். 17 வருடங்கள் சிறையில் கழிந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் சுமார் 10 வருடங்கள் முன்னதாகவே வெளியே வந்திருக்கலாம். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 2020 டிசம்பரில் விடுதலையானபோதும் சட்டத்தின் பார்வையில் அவர் குற்றவாளியே. மரபணுச் சோதனை வேறொருவரைச் சுட்டியதால், 2023 ஜூலையில்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது.

பழைய வழக்குகளை ஆராய அங்கு 1997 முதல் ஒரு சுயாதீன ஆணைக்குழு இயங்குகிறது. அதுகூட அவரது விண்ணப்பத்தை இரு தடவை நிராகரித்திருந்தது. விமர்சனம் வலுத்து, 2025இல் அதன் தலைவர் பதவி விலகினார். சிறையில் உண்டு உறங்கிய செலவை நட்டஈட்டிலிருந்து கழிக்கும் நடைமுறையும் 2023 வரை அங்கு இருந்திருக்கிறது! இத்தனை குறைகளுக்கு மத்தியிலும், தட்டுவதற்கு ஒரு கதவு அவர்களுக்கு உண்டு.

எமது நாட்டில் அப்படியோர் ஆணைக்குழு இல்லை. மேன்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மீளாய்வு மனு தாக்கல் செய்யலாம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் கூற வேண்டும், விசேட சூழ்நிலையைக் காட்ட வேண்டும். புதிய சாட்சியத்தைத் தேடுவதும், சட்டத்தரணிக்குச் செலவழிப்பதும் சிறையிலிருந்து வந்தவரின் பொறுப்பு. ஜனாதிபதி மன்னிப்பு இருக்கிறதே என்பார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான வழக்குகள்தான் என்னை அதிகம் உறுத்துகின்றன. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அதன் 16ஆம் பிரிவு சாட்சியமாக ஏற்கிறது. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என நிரூபிக்கும் சுமை சந்தேகநபரின் தலையில். வருடக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்து, வீட்டுக்குப் போனால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளையொன்றின் தந்தை அவர்களில் ஒருவர். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் ரிப்போட் கேட்கும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பு அவர் முன்னால் வந்து நிற்கிறது.

இச்சட்டத்தை நீக்குவதாக மாறிமாறி வந்த அரசாங்கங்கள் வாக்களித்தன. நீக்கினாலும் பழைய தீர்ப்புகள் தாமாக இரத்தாகப் போவதில்லை. பிரிட்டனில் கணினிக் கோளாறால் திருடர்களாக்கப்பட்ட நூற்றுக்கணக்கான உப தபாலதிபர்களுக்காக 2024இல் பாராளுமன்றமே சட்டமியற்றித் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. புதிய சட்டமூலம் விவாதத்துக்கு வரும்போது, இதற்கான ஏற்பாடு எந்தப் பிரிவில் உள்ளது என எமது முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து கேட்பார்களா?