வழியில் ஒன்றுமே இல்லையாம்!

"தேனி மாவட்டத்துல நிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. விடியக் கருக்கல்ல மதுரையில வண்டிய எடுத்தா, நேரா குமுளியில போய் எறங்கித்தான் காலைச் சாப்பாடு."

ஆண்டிபட்டியில் வியாபாரிகள் கூடிய ஒரு விழாவில், சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் மைக்கைப் பிடித்து இப்படிச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே சாலையோரம் கடை வைத்துப் பிழைப்பவர்கள். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பயணக் கட்டுரைகள், வேன் டிரைவர்கள், கல்லூரி டூர் நோட்டீஸ்கள் எல்லாம் வருஷக்கணக்காகப் பாடிவரும் பாட்டுத்தான் அது. கேரள எல்லை தாண்டினால் கடவுளின் சொந்த தேசம். எல்லைக்கு இந்தப் பக்கம் வெறும் தார் ரோடு. கடமலைக்குண்டில் இருந்துகொண்டு இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

முதலில் அந்தக் கடவுள் சமாசாரம். 1980களின் கடைசியில் கேரளச் சுற்றுலாத் துறைக்காக விளம்பரக்காரர்கள் எழுதிக் கொடுத்த வாசகம் அது. அதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடவுள் எத்தனை ஊரில்தான் பட்டா வாங்குவார்? நல்ல விளம்பரம்தான், மறுக்கவில்லை. அதையே பூகோளப் பாடமாக நம்பி நாம் வண்டியை விரட்டுகிறோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்தப் பக்கம் வெயில் என்கிறார்கள். மதுரைக்காரர் சொல்கிற குறையா இது?

நின்றால் நேரம் வீணாம். தேக்கடிப் படகுத்துறையில் வரிசையில் நிற்கும் நேரம் எந்தக் கணக்கில் வருகிறதோ தெரியவில்லை.

நல்ல கழிப்பறை இல்லை என்கிறார்கள். அது உண்மை. நிற்காத வண்டிக்கு யார் கழிப்பறை கட்டிவைப்பார்கள்?

சரி, பார்க்க என்ன இருக்கிறது? ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியதும் பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால் வைகை அணை. 1959இல் திறந்தது, முழு நீர்மட்டம் 71 அடி. அதன் அடியில் மூழ்கிய ஊர்களின் கதைதான் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. தேனி தாண்டினால் முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன். சித்திரைத் திருவிழாவின்போது அந்தச் சாலையில் வண்டி நகராது. அப்போது மட்டும் டூர்காரர்கள் கட்டாயமாக நிற்பார்கள், திட்டிக்கொண்டே. உத்தமபாளையத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. சுருளி அருவியைச் சொல்லவே வேண்டாம். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் போனால் பன்னீர் திராட்சைப் பந்தல். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். வருஷம் முழுக்கக் காய்ப்பதால் சீசன் பார்த்து வரவேண்டிய தொல்லையும் இல்லை. இப்போது ஊர் ஊருக்குப் புறவழிச்சாலை போட்டுவிட்டார்கள். கண்ணில் படாமலே போவதற்கு அரசாங்கமே செய்துகொடுத்த வசதி.

இதெல்லாம் போகட்டும், இந்த ஊர்கள் இல்லாமல் போயிருந்தாலும் நான் சண்டைக்கு வந்திருப்பேன். இவர்கள் எல்லையைத் தாண்டி ஓடுவது எதற்காக? தேக்கடி ஏரியில் படகு ஏறுவதற்காக. அந்த ஏரியைக் கடவுள் வெட்டவில்லை. சென்னை ராஜதானியின் பொதுப்பணித் துறை வெட்டியது. அதுவும் இந்தப் பக்கத்து வயல்களுக்காக. 1887இல் தொடங்கி 1895இல் ஜான் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தேக்கம்தான் 'தேக்கடி ஏரி'. அணைக்கு முன்னால் அங்கே ஏரி கிடையாது. காட்டுக்குள் ஓடி மேற்கே அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த ஆறு ஒன்றுதான் இருந்தது. அதைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் வைத்து மறித்து, மலையில் சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். வேலை நடக்கும்போதே வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. காட்டுக் காய்ச்சலில் கூலியாட்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கிறார்கள்.

படகில் ஏறியவர்கள் தவறாமல் படம் எடுப்பது எதை என்று பாருங்கள். தண்ணீருக்கு நடுவே மொட்டையாக நிற்கும் பட்ட மரங்களை. அவற்றின் உச்சியில் சிறகு காயவைக்கும் நீர்க்காகங்களை. இயற்கையின் அழகு என்று கீழே எழுதியும் விடுகிறார்கள். மரம் எப்படி ஏரிக்கு நடுவில் முளைத்தது என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? அணையில் தண்ணீர் நிரம்பியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அது. ஒவ்வொரு மொட்டை மரமும் இந்த ஏரி மனிதன் கட்டியது என்பதற்குச் சாட்சி.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு போட்ட குத்தகை 999 வருஷத்துக்கு. நீர் தேங்கும் பரப்பு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1970இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அதை 30 ரூபாய் ஆக்கினார்கள். மீன்பிடி உரிமை கேரளாவுக்குப் போனது. ஏரி தேங்கி நிற்கும் நிலத்துக்கு இன்றும் குத்தகை கட்டுவது தமிழ்நாடு. படகுச் சீட்டு விற்பது கேரளா. வாடகை கட்டிக் குடியிருக்கும் வீட்டை ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க நாமே டிக்கெட் எடுக்கிறோம். எடுத்துவிட்டு வந்து, "கேரளாக்காரன் எப்படி வச்சிருக்கான் பாத்தியா" என்று வியக்கவும் செய்கிறோம். (அணையின் நீர்மட்டம் 142 அடியா 152 அடியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. போனால் இந்தக் கட்டுரை முடியாது.)

அந்தத் தண்ணீர் இறங்கி வரும் இடம் லோயர்கேம்ப். குமுளி மலைச்சாலையில் ஏறும்போது, மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் நான்கு இறங்குவது தெரியும். அவற்றுக்குள் வருவது தேக்கடித் தண்ணீர்தான். மின்சாரம் எடுத்த பிறகு முல்லையாற்றில் விழுந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஓடி வைகையில் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் 14,707 ஏக்கரும் இதை நம்பித்தான். லோயர்கேம்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் 2013இல் திறந்தார்கள். ஜனவரி 15, அவர் பிறந்த நாள், பொங்கலோடு சேர்ந்து வரும். பாலார்பட்டிக்காரர்கள் அந்த வெள்ளைக்காரருக்கே பொங்கல் வைப்பார்கள். இந்த மண்டபத்தைக் கடந்துதான் ஒவ்வொரு டூர் வேனும் மேலே ஏறுகிறது. நிற்கிறதா? "குமுளி வந்திருச்சு, எல்லாரும் ஸ்வெட்டர் எடுத்துக்கங்க" என்று உள்ளே சத்தம்தான் கேட்கும்.

ஏலக்காய்க் கதையும் இதே மாதிரிதான். குமுளிக் கடையில் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "அசல் கேரளாச் சரக்கு" என்று வாங்கி வருகிறார்கள். அதைப் பறித்தவர்களில் எத்தனையோ பெண்கள் கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கத்தவர்கள். இருட்டு விலகுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மேலே போய், பொழுது சாயக் கீழே திரும்புகிறவர்கள். டூர் வேன் ஹாரன் அடித்து முந்துவது அந்த ஜீப்புகளைத்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் மேலே புத்தடியில் நடப்பதுபோலக் கீழே போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. போடியில் வாங்கினால் 'அசல்' போய்விடும்போலிருக்கிறது.

எங்கள் ஊரைப் பட்டியலில் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. குமுளி போகிறவர்களுக்குக் கடமலைக்குண்டு வழியில் வராது. எங்கள் மலைமுகட்டுக்குத் தென்மேற்கேயும் கேரளக் காடுதான் என்றாலும் அங்கே வண்டிப்பாதை கிடையாது. 2021 முதல் எங்கள் பக்கத்துக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இந்த மலையில் பிறக்கும் மூல வைகை மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். கோடையில் இலவம் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இதைப் பார்க்க யாரும் மதுரையிலிருந்து வர வேண்டாம். ஆனால் வைகை எங்கே பிறக்கிறது என்று கேட்டால் வைகை அணையில் என்று பதில் சொல்லும் மதுரைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் பஸ்ஸில் ஏற்றி மூணாறு காட்டுகிறார்கள்.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஒரு ராத்திரி கம்பத்தில் தங்கி, லோயர்கேம்பைப் பகலில் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். வாடகை வண்டி என்றால் கேரளாவுக்குள் போகப் பர்மிட் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டத்துக்காகக் கம்பம்மெட்டு வழியே ஏறிக் குமுளி வழியே இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். அதை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மற்ற மாதங்களில் குமுளியில் ஏறி, மூணாறு சுற்றி, போடிமெட்டில் இறங்கலாம். அங்கே சாயங்காலம் பனி மூடிவிட்டால் எதிரே வரும் லாரி தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.