இனிப்பும் பிள்ளையின் ஆட்டமும்

இந்த இதழில் கொஞ்சம் கல்லூரிப் பாடம். பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! விஷயம் நம் வீட்டு லட்டு டப்பாவைப் பற்றியதுதான்.

என் ஓர்ப்படியின் பெண் மனோதத்துவத்தில் எம்.ஏ. படிக்கிறாள். ஆராய்ச்சிக்குக் 'கருதுகோள்' எழுதிக்கொண்டு போனால், பேராசிரியை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "நீங்களே பாருங்க பெரியம்மா, இதுல என்ன தப்பு?" என்று நோட்டை நீட்டினாள். 'இனிப்பு குழந்தைகளின் மனதைக் கெடுக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் மாமியார்மார்கள் சொல்வதும் இதைத்தானே! ஆனால் எப்படிச் சோதிப்பது?

"பிள்ளை குதிச்சா 'பார்த்தீங்களா, சர்க்கரை வேலை'ன்னு சொல்லுவே. சும்மா உட்கார்ந்திருந்தா 'உள்ளுக்குள்ள கெடுத்துக்கிட்டிருக்கு'ன்னு சொல்லுவே. என்ன நடந்தா 'நான் நினைச்சது சரியில்லை'ன்னு ஒத்துக்குவே? அதைச் சொல்லு" என்றேன். யோசித்தாள். பதில் வரவில்லை. பேராசிரியை எதிர்பார்த்ததும் அந்தப் பதிலைத்தான். பொய்யாகிப் போவதற்கு வழியுள்ள கூற்றே விஞ்ஞானக் கூற்று என்று கார்ல் பாப்பர் 1934-லேயே ஒரு புத்தகம் போட்டு வாதாடினார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம். 'குழந்தைகள்' என்றால் யார்? இரண்டு வயதும் பத்து வயதும் ஒன்றா? 'இனிப்பு' என்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரையா, நாலு ஜாங்கிரியா? 'மனதைக் கெடுக்கிறது' என்பதுதான் பெரிய கல். மனதை யார் கண்டார்கள்? இடத்தை விட்டு எத்தனை தடவை எழுந்தான் என்றால் எண்ணிவிடலாம். சரி, எதோடு ஒப்பிடுவது? சர்க்கரை போடாத பாலைக் கொடுத்தால் பிள்ளை ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுமே!

கடைசியில் இப்படி வந்தது: 'ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளில், 30 கிராம் சர்க்கரை கலந்த பானம் குடித்தவர்கள், அதே தித்திப்புள்ள சர்க்கரையில்லாத பானம் குடித்தவர்களைவிட, அடுத்த ஒரு மணி நேரத்தில் அதிகத் தடவை இடத்தை விட்டு எழுவார்கள்.' கேட்க அழகில்லைதான். ஆனால் எண்ணிப் பார்த்துவிடலாம். பொய்யென்றால் அதுவும் தெரிந்துவிடும். யாருக்கு எந்தப் பானம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மேல்நாட்டில் இதைப் பலர் செய்து பார்த்தாயிற்று. 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை 1995-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. (சில குழந்தைகளுக்குச் சிறிதளவு பாதிப்பு இருக்கக்கூடும் என்பதை அடியோடு மறுக்கவும் இல்லை. பல் கெடுவது வேறு கணக்கு. அதில் சலுகை கிடையாது!)

எனக்கு அதைவிடப் பிடித்தது 1994-ல் ஹூவர், மிலிச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் சோதித்தது சர்க்கரையை அல்ல, அம்மாக்களின் எதிர்பார்ப்பை! 'என் பிள்ளைக்குச் சர்க்கரை ஆகாது' என்று சொன்ன தாய்மார்களையும், ஐந்து முதல் ஏழு வயதுள்ள 35 பையன்களையும் அழைத்தார்கள். பாதித் தாய்மார்களிடம் 'உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். மற்றவர்களிடம் 'சர்க்கரை இல்லை' என்றார்கள். உண்மையில் எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையில்லாத செயற்கை இனிப்புத்தான். சர்க்கரை என்று நம்பிய தாய்மார்கள் 'இன்று ரொம்ப ஆட்டம் போட்டான்' என்றார்கள். வீடியோவில் பார்த்தால், அவர்கள் பிள்ளையை ஒட்டியே நின்றிருந்தார்கள். குற்றம் சொல்வதும் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது. பாவம் அந்தப் பையன்கள், தின்னாத சர்க்கரைக்குத் திட்டு வாங்கினார்கள்!

கல்யாண வீட்டில் பிள்ளை தலைகால் தெரியாமல் ஆடுகிறான் என்றால், அங்கே லட்டு மட்டுமா இருக்கிறது? மேளம், பத்துப் பிள்ளைகள் கூட்டம், முதல் நாள் ராத்திரி கெட்ட தூக்கம் எல்லாம் இருக்கிறதே! சாதாரண நாளில், வீட்டில் வைத்து எண்ணிப் பாருங்கள். எண்ணுகிறவர் மட்டும் நீங்களாக இருக்க வேண்டாம். பிள்ளை என்ன தின்றான் என்று தெரியாத மாமனாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ எண்ணட்டும்.